வெள்ளைப் பூவுக்கு நான் எழுதிய பெயர்

என் ஷீட்டில் ஒருத்தி சீட்டு ஒட்டிவிட்டாள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் துறைத் தலைவி. முப்பது வருஷமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். செடியை நியூஸ் பேப்பர் நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, பூச்சி அரிக்காமல் மருந்து தடவி, தடித்த வெள்ளை அட்டையில் நூலால் தைத்து வைப்போம். அதைத்தான் ஷீட் என்பது. கீழே வலது மூலையில் லேபிள் இருக்கும். செடியின் பெயர், எடுத்த இடம், எடுத்தவர் பெயர் எல்லாம் அதில். பெயர் தவறு என்று பிற்பாடு யாராவது கண்டுபிடித்தால் பழைய லேபிளை அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டில் சரியான பெயரை எழுதி, தன் பெயரும் தேதியும் போட்டு ஒட்ட வேண்டும். தவறு செய்தவரும் திருத்தியவரும் அந்த அட்டை இருக்கிற காலம்வரை பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். இதைத் தொழில் மரியாதை என்று வருஷா வருஷம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நானேதான். அந்த மரியாதை எனக்கே ஒருநாள் நடக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒட்டியவள் எங்கள் துறையின் கெஸ்ட் லெக்சரர். சேர்ந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. கோவளத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, வண்டலூர் நெரிசலில் நின்று, முதல் பீரியடுக்கு ஒருநாளும் தவறாமல் வந்துவிடுவாள். முடிச்சூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் நான்தான் தாமதமாக வருவேன். அவளுக்கு வருஷ ஒப்பந்தம். ஏப்ரல் கடைசியில் துறைத் தலைவி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் ஜூனில் மறுபடி வேலை, இல்லாவிட்டால் இல்லை. அவள் சீட்டு ஒட்டியது மார்ச் மாதம். அந்த ஒரு பக்கத்தை எழுதப்போகிறவள் நான் என்று தெரிந்தே ஒட்டினாள். தைரியமா அசட்டுத்தனமா என்று யோசிக்க அன்று எனக்குப் பொறுமை இல்லை.

அந்தச் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஆஸ்டர் குடும்பம். எந்தப் பாவத்துக்குத் தண்டனையாக எங்கள் படிப்பில் அந்தக் குடும்பத்தை வைத்தார்களோ தெரியாது. நீங்கள் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூவே இல்லை. பந்தியில் நெருக்கி உட்கார்ந்த மாதிரி ஐம்பது நூறு பூக்கள் ஒரே தட்டில் இருக்கும். சூரியகாந்தி, சாமந்தி, முடிச்சூர் காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் இந்தக் கூட்டம்தான். எங்கள் ஏரியாவில் இதில் எதைக் காட்டினாலும் ‘சாமந்தி மாதிரி ஏதோ’ என்பார்கள். இப்போது போனில் ஆப் வேறு வந்துவிட்டது. எங்கள் அபார்ட்மெண்டில் மேல்வீட்டுக்காரர் மாடித்தொட்டியில் தானாக முளைத்த வெட்டுக்காயப் பூண்டைப் படம் பிடித்து, ஐரோப்பாவில் பனிமலைமேல் மட்டும் பூக்கும் பூ என்று வாட்ஸப் குரூப்பில் போட்டார். அது அப்படி இல்லை என்று நான் எழுதியதற்கு, ஆப் தொண்ணூற்றாறு சதவீதம் உறுதியாகச் சொல்கிறது என்று பதில் போட்டு, கூடவே ஒரு கும்பிடும் போட்டார். நான் அந்தக் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

இந்தக் குடும்பத்தைப் பிரித்துப் பார்க்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். விதையின் தலையில் மயிர்க்குஞ்சம் இருக்கிறதா? காற்றில் பறப்பதற்கு உள்ள அந்தக் குஞ்சத்தைப் பப்பஸ் என்போம். சிலதில் இருக்கும், சிலதில் இருக்காது. இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பூவின் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாதே, பப்பஸைப் பார் என்று வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவள் நான்.

என் ஷீட்டில் இருந்தது கொடைக்கானல் சோலைக்காட்டில் எடுத்த செடி. ஒரு ஜாண் உயரம், ஓரத்தில் பல் வைத்த இலை, சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வெள்ளைப் பூக்கள். சென்னை வெள்ளத்துக்கு முந்தின வருஷம் மாணவர்களோடு போனபோது, மழையில், பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, பிடுங்கி எடுத்துவந்தேன். அன்றே எரிஜெரான் என்று பெயர் எழுதினேன். அது மெக்சிகோவிலிருந்து வந்த களை. கொடைக்கானலில் எந்த மதில் இடுக்கைப் பார்த்தாலும் அதுதான் எட்டிப் பார்க்கும். சின்ன வெள்ளைப் பூ என்றால் அது என்று கண் பழகிப்போயிருந்தது. பப்பஸைப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். அடுத்த வருஷம் வெள்ளம் வந்து, ஷீட்டுகளை அடுக்கி வைக்கும் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க மூழ்கியது. எத்தனையோ நல்ல ஷீட்டுகள் கூழாகிப் போயின. இது மட்டும் மேல்தட்டில் சௌக்கியமாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு பேட்ச்சும் இதைப் பார்த்துத்தான் ரெக்கார்டு எழுதியது.

அவள் ஒட்டிய சீட்டில் மிரியாக்டிஸ் என்று இருந்தது. அது நம் மலைக்காட்டுச் செடி. வெளியிலிருந்து வந்ததல்ல, சோலையின் நிழலை விட்டு வெளியே வராதது. ஆனால் முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பெயர் இல்லை. ஷீட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காகித உறை இருந்தது, அதற்குள் பிரித்துப் போட்ட ஒரு மொட்டு. அந்தச் செடியில் இருந்ததே ஐந்தாறு மொட்டுகள்தான். அதில் ஒன்றைப் பிய்த்திருக்கிறாள் என்றதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

லேபுக்கு அவளைக் கூப்பிட்டேன். லேப் உதவியாளர் மூலையில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. யாரைக் கேட்டு ஒட்டினீர்கள் என்றேன். சீட்டு ஒட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நான் வகுப்பில் சொன்னதாகப் பிள்ளைகள் சொன்னார்களாம். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள், எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பழைய ஷீட், பப்பஸ் உதிர்ந்திருக்கும் என்றேன்.

“விரிஞ்ச பூவுல உதிர்ந்திருக்கலாம் மேடம். மொட்டுக்குள்ளயுமா உதிரும்?”

அவள் லென்ஸை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். இந்த வெளிச்சத்தில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்றேன். பிறகு சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பி இழுத்தேன். பாதி கையோடு வந்தது, மீதி ஷீட்டிலேயே பிசிராக நின்றது. அதையும் சுரண்டி எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மொட்டு இருந்த உறையையும் எடுத்துவிடவா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றதும் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

உதவியாளர் குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இன்னா மேடம் இது. அந்தப் பொண்ணு மூணு நாளா லஞ்ச் டைம்ல இங்கியேதான் குந்திகினு அதையே பாத்துகினு இருந்துச்சு. சோறுகூட துன்னல.”

உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். தனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜார் என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று எங்கள் வீட்டில் எப்போதும் சொல்வார்கள். என் கணவர் இதைச் சொல்லிச் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அன்று சாயங்காலம் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன், ஆனால் மொட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் அந்தப் பெண்ணுக்குத்தான் திமிர் என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஏப்ரலில் அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். நேரம் தவறாமை, பாடம் நடத்தும் விதம், பிள்ளைகளிடம் நடந்துகொள்வது எல்லாம் நன்று, மிக நன்று. கடைசி வரியில், தாவரங்களை இனம் காண்பதில் மேலும் பயிற்சி தேவை என்று எழுதினேன். கோபத்தில் எழுதவில்லை, நியாயமாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாவரவியல் துறையில் அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஜூனில் அவளுக்குக் கடிதம் போகவில்லை. ஜூன் கடைசியில் தன் லேப் கோட்டை எடுத்துப்போக வந்திருந்தாள். வரேன் மேடம் என்றாள். நல்லா இருங்க என்றேன்.

செப்டம்பரில் மறுபடி கொடைக்கானல் போனோம். இருபத்தெட்டுப் பிள்ளைகள், நான், என்னோடு ஒரு ஆசிரியர். இரவு முழுக்கப் பாட்டுப் போட்டுத் தூங்கவிடவில்லை. காலையில் மலை ஏறும் வளைவுகளில் நாலைந்து பேர் மடியில் அட்டையை வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்டத்திலும் படிக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டுப் போய்ப் பார்த்தேன். லேபிள் எழுதிக்கொண்டிருந்தார்கள். செடியே இன்னும் எடுக்கவில்லை. எந்தச் செடியும் கண்ணிலேயே படவில்லை. கலெக்ட் பண்ணினபிறகு டைம் இருக்காது மேடம், அதனால் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து இப்போதே ஃபில் பண்ணிவிட்டோம் என்றார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்கள். இருபத்தெட்டு லேபிளையும் வாங்கிப் பார்த்தேன். எரிஜெரான். இடம், சோலைத் தரை. குறிப்பு, மழையில் எடுத்தது.

ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மழையில் எடுத்தது என்பது நான் அந்த முதல் லேபிளில், நனைந்த கோபத்தில் எழுதிய குறிப்பு. ஒவ்வொரு பேட்ச்சும் அந்த மழையைக் காப்பி அடித்திருக்கிறது. நானும் ஒவ்வொரு வருஷமும் அதைப் படித்து, டிக் போட்டு, மார்க் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளைத் திட்ட வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

தங்கியிருந்த விடுதியின் மதிலில் எரிஜெரான் கொட்டிக் கிடந்தது. வெயிலில், கல் இடுக்கில், குறுகிய இலையோடு. ஒரு பையன் காய்ந்த தலையைப் பறித்து ஊதினான், குஞ்சம் வைத்த விதைகள் பறந்தன. ஒரு மணி நேரம் கழித்துச் சோலைக்குள் நடந்தோம். அங்கே இருட்டு, ஈரம், மக்கின இலை வாசனை. பாதை ஓரத்தில் அந்தச் செடி நின்றது. என் ஷீட்டில் இருக்கும் அதே செடி, அகலமான பல் இலையும் பொத்தான் பூவுமாக. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது என் சால்வையில் விதைகள் ஒட்டியிருந்தன. தட்டினேன், போகவில்லை. ஒன்றைக் கிள்ளி எடுத்து, இலைகளுக்கு நடுவே விழுந்த வெயிலில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குஞ்சம் இல்லை. நுனியில் ஒரு பிசுபிசுப்பு மட்டும். இது பறக்கிற செடி இல்லை, போகிறவர் வருகிறவர்மேல் ஒட்டிக்கொண்டு போகிற செடி. ஊரெல்லாம் களை என்று நான் எழுதி வைத்தது இந்தக் காட்டின் சொந்தப் பிள்ளை.

மதிலில் இருந்ததும் இதுவும் ஒன்றுதானே என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்றேன். லேபிளில் இருப்பது தவறு, அதை எழுதியவள் நான், சரியான பெயரைப் போன வருஷம் நம் துறையில் வேலை பார்த்த மேடம் கண்டுபிடித்தார் என்றேன். அதைச் சொல்லிமுடிக்க எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. ஏதாவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஏன் தவறு, எப்படிக் கண்டுபிடித்தார், அவர் இப்போது எங்கே, ஏதாவது ஒன்று. கடைசியில் ஒருவன் கையைத் தூக்கினான்.

“எக்ஸாம்ல எதை எழுதணும் மேடம், பழைய பேரா, புதுப் பேரா?”

சோலைக்குள் அப்படிக் கத்தக் கூடாது. கத்தினேன்.

தாம்பரம் திரும்பியதும், செடிகளை இனம் காணும் புத்தகத்தை விரித்து, முதல் கேள்வியிலிருந்து ஒழுங்காக வந்தேன். விதையின் தலையில் குஞ்சம் இல்லை என்ற இடத்தில் கை தானாகத் திரும்பி மிரியாக்டிஸில் நின்றது. இருபது நிமிஷ வேலை. பத்து வருஷத்துக்கு மேல் அந்த இருபது நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. ஷீட்டில் நானே ஒரு சீட்டு ஒட்டி, அவள் பெயரைச் சொல்லி, அவள் கண்டுபிடித்தது என்று எழுதினேன். முதல்வரிடம் போய் என் ஏப்ரல் குறிப்பின் கடைசி வரி தவறு என்று சொன்னேன். அவர் கணக்குப் பேராசிரியர். ஒரு செடியின் பெயருக்கு இவ்வளவா என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தாயிற்று, வரும் ஜூனில் ஒரு இடம் காலியாகும், எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் இருப்பதாக லேப் உதவியாளர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நல்ல நாள் பெரிய நாள் என்றால் போன் பண்ணுமாம். எனக்குப் பண்ணியதில்லை. ஒரு சனிக்கிழமை போனேன். வண்டலூர் ரோடில் எதற்கோ தோண்டி வைத்திருந்தார்கள், ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றேன். அவள் இதைத் தினம் இரண்டு வேளை செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்ல வேண்டியதை நாலு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பள்ளியில் என்னைப் பெற்றோர் உட்காரும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவள் வந்தாள், விரலெல்லாம் மார்க்கர் மை. மூன்றாம், நாலாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாளாம், கையெழுத்துப் பயிற்சியும் அவள்தானாம், ஆண்டு விழாவுக்கு நடனமும் அவள் தலையில்தானாம். எம்.எஸ்ஸியில் பல்கலைக்கழக ரேங்க் எடுத்தவள். எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் என்ன, தெரியும்.

தயார் செய்ததைச் சொன்னேன். நான் தப்பாகப் பார்த்துவிட்டேன், உங்கள் பெயர்தான் சரி, சோலையில் செடியைப் பார்த்தேன், ஷீட்டில் உங்கள் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன், ஜூனில் உங்களைக் கூப்பிட எழுதிக் கொடுத்திருக்கிறேன், மன்னித்துவிடுங்கள். ஒரே மூச்சில் சொல்லிமுடித்ததும் எனக்கு லேசாகக்கூட இருந்தது. அவள் செடி பூத்திருந்ததா என்று கேட்டாள். பூத்திருந்தது, விதையும் இருந்தது, சால்வையில் ஒட்டியது என்றேன். முகம் மலர்ந்து, அப்படியா என்றாள். தான் அதை உயிரோடு பார்த்ததில்லையாம்.

“நீங்க தப்பாப் பாக்கல மேடம்” என்றாள் பிறகு. “அன்னிக்கு லென்ஸ வாங்கி ஒரு செகண்டுதான் பாத்தீங்க. தெரியலன்னா நீங்க திருப்பித் திருப்பிப் பாப்பீங்க. பசங்க ஷீட்டக்கூட அப்படித்தான் பாப்பீங்க, நான் கவனிச்சிருக்கேன். உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். தப்பாகப் பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்பது ஒன்றும் பெரிய காரியமில்லை, யாரும் தப்பாகப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு நான் எனக்காகத் தேடிக்கொண்டது அந்தச் சின்னக் குற்றத்தைத்தான். அந்த மொட்டுக்குள் இருந்த இளம் விதைகளில் ஒரு மயிர்கூட இல்லை. நான் அதை லேபிலேயே பார்த்துவிட்டேன்.

“ஆமாம்மா” என்றேன். “தெரிஞ்சுதான் கிழிச்சேன்.”

அவள் தலையசைத்தாள். ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இன்னொருவர் சொல்லக் கேட்பவர்கள் அசைப்பது போல.

“ஜூன்ல என்னைக் கூப்பிடாதீங்க மேடம். வந்தா வேலை நல்லாத்தான் பாப்பேன். ஆனா அடுத்த தடவ ஏதாவது தெரிஞ்சா வாயத் தெறக்க மாட்டேன். எனக்கே தெரியுது. அதுக்கு இங்கயே இருந்துடறேன்.”

நான் என்ன சொல்லியிருந்தாலும் அவள் முடிவு மாறியிருக்காது. மணி அடித்தது. அடுத்து நாலாம் வகுப்பு என்றாள். பஸ் ஸ்டாப் வலது பக்கம், வெயிலாக இருக்கிறது, குடை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.